நாரைக்காரனின் நாலாவது கதை

பாப்பிரெட்டிப்பட்டியில் எந்தக் காதுகுத்து பேனரிலாவது குழந்தைக்குப் பின்னால் சாம்பல் நிறச் சிறகை விரித்துக்கொண்டு ஒருவன் நின்றால், அது ஜமீர் டிசைன் பண்ணியது என்று ஊருக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஃபிளெக்ஸ் கடையில் அவன்தான் டிசைனர். தாய்மாமன் போட்டோ சின்னதாகிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள்கூட அந்தச் சிறகுக்காரனை எடுக்கச் சொன்னதில்லை. அவன் பெயர் கிரே ஹெரான். பள்ளிக்கூட வயதில் கேபிள் டிவி கார்ட்டூனில் பிடித்த பைத்தியம் ஜமீருக்குக் கல்யாணமாகியும் விடவில்லை. இரண்டு கிட்னியும் போன பிறகும் விடவில்லை.

கிட்னி போனதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் தர்மபுரிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அங்கே டயாலிசிஸ் சென்டரில் இடது கையில் ஊசியைக் குத்தி மிஷினில் மாட்டிவிட்டால் அரை நாள் அசையாமல் கிடக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் நிர்மலாதேவிக்கு. கம்பைநல்லூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். நாற்பதைத் தாண்டியவள், ஜமீரைவிட மூத்தவள். புருசன் முனிராஜ் பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, தக்காளி மண்டிக்குப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் கிரே ஹெரான் புதுப்படம் செல்போனுக்கே வந்தது. ஒரே படமில்லை. ஆறு டைரக்டர்கள் ஆளுக்கொரு குட்டிக் கதை எடுத்து ஒன்றாகக் கோத்திருந்தார்கள். கதைக்குக் கதை கிரே ஹெரானின் முகம் வேறு, சிறகு வேறு, வண்ணம் வேறு. ரசிகர்களின் டெலிகிராம் குரூப்பில் வெட்டுக்குத்தே நடந்தது. எவன்டா உண்மையான ஹெரான் என்று ஒரு கூட்டம். மூக்கு வரையத் தெரியாதவனுக்கெல்லாம் எதற்குப் படம் என்று ஒரு கூட்டம். ஜமீர் முதல் நாளே முழுசும் பார்த்துவிட்டான். ஆனாலும் மறுபடி பார்க்க ஒரு துணை வேண்டியிருந்தது.

"அக்கா, ஒரு படம் காட்டட்டுங்களா?"

"என்ன படம்?"

"சூப்பர்ஹீரோ படம். கிரே ஹெரான்னு பேரு."

"ஹெரான்னா?"

"நாரைங்க்கா."

நிர்மலாதேவி சிரித்த சிரிப்பில் மிஷின் கத்திவிட்டது. நர்ஸ் ஓடிவந்து, கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது என்று திட்டிவிட்டுப் போனாள்.

"சிங்கம் இருக்குது, புலி இருக்குது. போயும் போயும் நாரை வேசமா போடுவான்? ஏரியில மீனு புடிக்கிறதா?" என்றாள். ஆனாலும் ஹெட்போனில் ஒரு காதை வாங்கிக்கொண்டாள்.

ஒரு நடைக்கு ஒரு கதை என்று ஆயிற்று. முதல் கதையில் ஒரு நூல் மில் தீப்பிடிக்கிறது. ஹெரான் தீக்குள் புகுந்து புகுந்து ஆட்களைத் தூக்கி வருகிறான். குரூப்பில் எல்லாருக்கும் பிடித்தது அதுதான். ஜமீருக்குப் பிடிக்கவில்லை. "தீய அழகா வரைஞ்சிருக்கான், சரி. ஒருத்தனுக்காவது சுடுதாக்கா?" என்றான். ஹெரான் ஒரு கடைக்காரனோடு லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் இரண்டாவது கதைக்கு நிர்மலாதேவி நன்றாகச் சிரித்தாள். "பெருசா பறக்கறவன்னு பாத்தா, நம்மள மாதிரியே அடைஞ்சு கெடக்கறான் பாரு" என்றாள். மூன்றாவது கதை ஓடும்போது தூங்கிவிட்டாள்.

நாலாவது கதைக்காகத்தான் ஜமீர் இத்தனை நாள் காத்திருந்தான். அதில் சண்டையே கிடையாது. வெள்ளம் வந்த ஊர். ஒரு சின்னப்பெண்ணைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஹெரான் தேடுகிறான். வாட்டர் கலரில் வரைந்த படங்கள், ஒவ்வொன்றும் நெடுநேரம் அப்படியே நிற்கும். பெண் கிடைக்கவில்லை. விடிகிறது. அவன் நனைந்த சிறகோடு நடந்துபோய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறக்கிறாள். அத்தோடு முடிகிறது.

குரூப்பில் இதற்கு வைத்த பேர் ஸ்லைடு ஷோ. ஓட்டெடுப்பில் கடைசி இடம். ஜமீர் தனியாளாக நின்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஜெயிக்கிறவன் யாரும் ஹீரோ ஆகலாம், தோற்றுப்போய் அதை நேரில் போய்ச் சொல்கிறவன்தான் ஹீரோ என்று. எழுதியதற்குக் கீழே ஒருத்தன் கொட்டாவி விடும் பொம்மையைப் போட்டான். இன்னொருத்தன் அதற்கு ஹார்ட் போட்டான்.

நிர்மலாதேவி கடைசி வரை பார்த்தாள். "இவ்ளோ தண்ணிய காட்டறானே பாவி, நாக்கு ஊறுது" என்று மட்டும் நடுவில் சொன்னாள். இருவருக்கும் நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

"எப்புடிங்க்கா?"

"நல்லால்ல."

"மெதுவா போகுதுன்னா?"

"அதுக்கில்ல. அவன் எதுக்குப் போயி சொல்றான்? அந்தம்மா, எங்கியோ கரையேறியிருக்கும், யாராச்சும் வளப்பாங்கன்னு நெனச்சிக்கிட்டு இன்னும் கொஞ்ச நாளு சோறு தின்னிருக்கும்."

"பொய்ய நம்பிக்கிட்டு இருக்கறதாக்கா?"

"நாம எத நம்பிக்கிட்டு இருக்கறோம்?"

"எனக்கு ஆபரேசன் நடக்கப் போவுதுல்ல. அது பொய்யா?" என்று ஜமீர் கொஞ்சம் ரோசமாகக் கேட்டான்.

அவள் முகம் உடனே இளகிவிட்டது. "உனக்கு நடக்கும்டா தம்பி. இந்த ரூம்புல ஒருத்தராவது கட்டில விட்டு எந்திரிச்சுப் போவணுமில்ல" என்றாள்.

அவளுக்குக் கிட்னி கொடுக்க ஆளில்லை. இருதயமும் சரியில்லை, ஆபரேசன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஜமீருக்கு ஆள் இருந்தது. மனைவி ஷகிலாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர்கள் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். தம்பி அயாஸ்தான் தானாக முன்வந்தான். மனைவி ஹுமேராவோடு பெங்களூரில் இருந்துகொண்டு மரச்சாமான் பாலிஷ் வேலை செய்கிறவன். ரத்தம் பொருந்திவிட்டது, மற்றச் சோதனைகளும் முடிந்துவிட்டன. அரசாங்க அனுமதி மட்டும்தான் பாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜமீர்தான் திறந்தான். அயாஸ் நின்றுகொண்டிருந்தான். போன் பண்ணாமல் வருகிறவன் இல்லை அவன். ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்திருக்கிறான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாடா. என்னடா திடீர்னு?"

அயாஸ் உள்ளே வரவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.

"அண்ணா, ஹுமேரா மாசமா இருக்கா."

"அட, நல்ல சேதிதானடா! உள்ள வா."

"அவ அழுதுட்டே இருக்காண்ணா. சாப்புட மாட்டேங்கறா. எனக்கும் பயமா இருக்கு. நாளெல்லாம் கட்டில் பீரோ தூக்கற வேலை. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." அயாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "என்னால முடியாதுண்ணா. போன்ல சொல்ல மனசு வரல. நேர்ல வந்து சொல்லிடணும்னுதான் வந்தேன்."

ஜமீருக்கு அறைந்தால் தேவலாம் போலிருந்தது. அறைய என்ன இருக்கிறது? அவன் திருடவில்லை, ஏமாற்றவில்லை. தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறேன் என்கிறான். "சரிடா" என்றான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஷகிலா டீ போட எழுந்தவள் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள். அயாஸ் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டான்.

அவன் தெருமுனை திரும்பியதும் ஜமீருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவன் ஏன் வந்து சொன்னான்? அனுமதி வரவில்லை, டாக்டர் வெளிநாடு போயிருக்கிறார், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று இழுத்திருக்கலாமே. நான் நம்பியிருப்பேனே.

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் நாலாவது கதையை மறுபடி போட்டான். கதவு திறக்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். இத்தனை நாளும் ஹெரானின் நனைந்த முகத்தையேதான் பார்த்திருக்கிறான். அந்த அம்மாவுக்கு முகமே சரியாக வரையவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. இரண்டு கோடு, ஒரு நிழல். கதவு திறந்ததும் படத்தை முடித்துவிட்டான் டைரக்டர். அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள், அன்று மத்தியானம் என்ன செய்தாள் என்று டைரக்டருக்கே தெரியவில்லை. தெரியாததை நிறுத்தி நிறுத்திக் காட்டி ஆழம் மாதிரி ஆக்கிவிட்டான். சொன்னவன் பாரத்தை இறக்கிவிட்டுப் பறந்துபோய்விடுவான். ஜமீர் குரூப்பைத் திறந்து, தான் பக்கம் பக்கமாக எழுதியதை அழித்தான். அழித்ததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த டயாலிசிஸ் அன்று நிர்மலாதேவியின் முகம் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. ஆனாலும் கட்டிலில் படுத்ததும் முதல் கேள்வியே, "பர்மிசன் வந்துதா தம்பி?" என்பதுதான்.

ஜமீர் ஊசி குத்துகிற நர்ஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டுதுங்க்கா. அடுத்த மாசம் ஆபரேசன்."

"நெசமா?"

"நெசமாங்க்கா."

அவள் கண் நிறைந்துவிட்டது. எதிர்க்கட்டில்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். நர்ஸிடம் சொன்னாள். தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகவும், முனிராஜை அனுப்பி அர்ச்சனை பண்ணச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். "பாய் வூட்டுப் புள்ளைக்கு எந்தப் பேருல பண்றதுன்னு ஐயரு முழிப்பாரு" என்று சிரித்தாள். அன்று அவளே கேட்டு மீதிக் கதைகளையும் பார்த்தாள். கடைசிக் கதையில் ஹெரான் கிழவனாகி, சிறகை யாரோ ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

"இதாண்டா கதை" என்றாள் நிர்மலாதேவி. "நாலாவத விட இது எத்தனையோ மேலு."

"ஆமாங்க்கா" என்றான் ஜமீர். சிறகைக் கழற்றிக் கொடுக்கிற கதையெல்லாம் சுத்தப் பொய் என்றுதான் அவனுக்குப் பட்டது. சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் அவள் வரவில்லை. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாக நர்ஸ் சொன்னாள். கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அரூர்க்காரர், வாய் திறந்து பேசாதவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். ஜமீர் அவளுக்குப் போன் பண்ண நினைப்பான். ஆபரேசன் என்ன ஆச்சு என்று கேட்பாளே என்று வைத்துவிடுவான். மாசம் ஒன்று போய், இன்னொன்றும் பாதி போயிற்று.

ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுடைய நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது. எடுத்தால் ஆண் குரல்.

"ஜமீர் தம்பிங்களா? நான் முனிராஜ். நிர்மலா வூட்டுக்காரன்."

"சொல்லுங்கண்ணா."

"நிர்மலா போயிட்டாப்பா. நேத்தோட ஒரு வாரம் ஆச்சுது." "கடைசி வரைக்கும் உங்க ஆபரேசன் பேச்சுத்தான். எனக்கு இல்லாட்டியும் அவனுக்கு ஆயிடுச்சேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

மிஷினின் குழாய் வழியாக ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதுங்கண்ணா" என்றான் ஜமீர்.

"அது போதும் சாமி. வர்ற வெள்ளிக்கெழம காரியம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. ஆனா நீங்க வர வேணாம். ஆபரேசன் பண்ண ஒடம்பு, கூட்டத்துல கீட்டத்துல வந்தா இன்பெக்சன் ஆயிரும்னு நிர்மலாவே சொல்லியிருக்கா. வூட்லயே இருங்க. ஒடம்பப் பாத்துக்கங்க."

"சரிங்கண்ணா."

"வெச்சிர்றேன் தம்பி."

வெள்ளிக்கிழமை அவனுக்கு டயாலிசிஸ் இல்லை. கம்பைநல்லூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. ஷகிலாவிடம் சொல்லி அழலாமா என்று பார்த்தான். அயாஸ் வந்துபோன நாளிலிருந்து அவளும் எதற்கும் அழுவதை விட்டுவிட்டாள்.

கெண்டைக்காலில் நரம்பு இழுக்க ஆரம்பித்தது. தண்ணீர் அதிகம் உறிஞ்சிவிட்டால் அப்படித்தான் இழுக்கும். நர்ஸைக் கூப்பிட்டான். அவள் தூரத்துக் கட்டிலில் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். இருங்க, வர்றேன் என்று கையைக் காட்டினாள். ஜமீர் பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டத்தில் சுற்றாமல் நின்றிருந்த ஃபேனைப் பார்த்தபடி கிடந்தான்.