தோள் கொடுக்க வந்தவர்கள்

தளர்ந்துபோன துணியை அவிழ்த்து, கணவனின் தாடையைச் சுற்றி மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள் திரிபுரசுந்தரி. வாசலில் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் பஞ்சநாதன் கேரியரிலிருந்து ஒரு வெள்ளைக் கேனை இறக்கினான். சாராய வாடை ஊதுவத்தியைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தது.

"தம்பி, இங்க வாங்க."

பஞ்சநாதன் நிலைப்படியில் வந்து நின்றான்.

"அது இந்த வீட்டுல வேணாம். உங்க அண்ணன் அத விட்டுட்டுல்ல போயிருக்காரு."

"எனக்குத் தெரியாதா அண்ணி? மேளக்காரங்களுக்கும் பாடை கட்டுறவங்களுக்கும் ஊத்தாம நம்மூரு நெடுங்காட்டுல எந்தச் சாவு நடந்திருக்கு?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "விட்டதாலதான் போயிட்டான்னு ஊரே பேசுது. பதினஞ்சு வருசம் பழகுன உடம்பு, சட்டுன்னு நிறுத்துனா தாங்குமா?"

அவன் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனான். அவளுக்கு எழுந்து போய்ச் சண்டை போடத் தெம்பில்லை.

ஈரல் எப்போதோ கெட்டுவிட்டது, நிறுத்தியதால்தான் இவ்வளவு நாள் தாங்கியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் கணவன் சோமசேகரன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவனை ஒருநாள் கமாலுதீன்தான் தூக்கிக்கொண்டு போனார். காரைக்காலில் சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர். அவரும் குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவர். எண்பத்துமூன்றில் மெட்ராசில் குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் ஒன்றில் சேர்ந்து தெளிந்து, ஊர் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மாதிரிக் கூட்டம் நடத்தினார். குடியை விட்டவர்களும் விட முடியாதவர்களும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். பெண்டாட்டிமார்கள் வெளியே மரத்தடியில் காத்திருப்பார்கள்.

முதல் நாள் ஜன்னல் வழியாக அவன் குரல் அவளுக்குக் கேட்டது. "என் பேரு சோமு. நான் ஒரு குடிநோயாளி." கல்யாணமான நாளிலிருந்து குடியைப் பற்றி அவன் பொய் சொல்லாமல் பேசி அவள் கேட்டது அன்றுதான்.

அதன்பிறகு அவன் தொடவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, வலியில் கட்டில் சட்டத்தைக் கடித்தபோதும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் குடித்துக் கிடந்தவர்களையெல்லாம் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். வந்தவன் டிராக்டர் ஓட்டும் பாலகுரு ஒருவன்தான். அவன் குடியை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாயங்காலமானால் சோமசேகரன் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், அவன் தூங்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

வெயில் ஏறியபோது கமாலுதீன் வந்தார். பின்னால் பாலகுரு, அவன் மனைவி அல்லி, கூட்டத்துக்காரர்கள் இரண்டு பேர். பாலகுரு சோமசேகரனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் கைகள் வெடவெடவென்று நடுங்கின.

"நாங்களே தூக்குறோம் தங்கச்சி," என்றார் கமாலுதீன். "குடிக்காதவங்க தோள்ல போகட்டும். அவனுக்கு வேற என்ன செஞ்சிடப் போறோம்?"

அவள் தலையசைத்தாள். பஞ்சநாதனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அண்ணி சம்மதித்தபிறகு ஒதுங்கிக்கொண்டான்.

பந்தலில் ஆண்கள் காத்திருந்தார்கள். பேச்சு உள்ளே கேட்டது.

"குடிச்சுக்கிட்டே இருந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பான்."

"கூட்டத்துக்குப் போறேன், கூட்டத்துக்குப் போறேன்னான். கூட்டிக்கிட்டே போயிட்டானுவ."

"ஏ பாலகுரு, அடுத்தது நீதானாடா?"

சிலர் சிரித்தார்கள். திரிபுரசுந்தரி கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பாலகுருவும் சிரிக்கப் பார்த்தான். முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். கமாலுதீன் பாடை கட்டுமிடத்தில் நின்றிருந்தார். கூப்பிட்டுச் சொல்லலாமென்று அவள் எழுவதற்குள், பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்துவிட்டதென்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பூ வைத்தார்கள், வளையல் போட்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். மறுபடி அவள் பந்தலைப் பார்த்தபோது பாலகுருவைக் காணவில்லை.

வாய்க்கரிசி போட்டு முடிந்து, தூக்கும் நேரத்தில் அவன் கொல்லைப் பக்கமிருந்து துண்டால் வாயைத் துடைத்தபடி வந்தான். நேராகப் போய்ப் பாடையின் முன்மூங்கிலைப் பிடித்தான். காலையில் நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை.

கமாலுதீனுக்கு வாடை எட்டியிருக்க வேண்டும். அவர் முகம் ஒரே கணத்தில் கிழடு தட்டிப்போனது.

"பாலு, நீ தள்ளிக்க. வேற ஆளு புடிப்பாங்க."

"எங்கண்ணன நான் தூக்காம எவன் தூக்குறது பாய்?" அவன் மூங்கிலை விடவில்லை.

மேளம் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். அல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமாலுதீன் திரும்பி திரிபுரசுந்தரியைப் பார்த்தார்.

"தூக்கட்டும்ணே," என்றாள் அவள்.

தூக்கினார்கள். பாலகுரு அடி பிசகாமல் நடந்தான். தெருமுனை வரைக்கும் போன பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஊர்வலம் வாய்க்கால் கரையில் திரும்பி, மூங்கில் புதருக்குப் பின்னால் மறைந்தது. பெண்கள் குளிக்கக் கிளம்பினார்கள். அல்லி மட்டும் திரிபுரசுந்தரியின் பக்கத்திலேயே நின்றாள்.

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு," என்றாள். "நேத்துக்கூட புள்ளைக்குத் தல சீவி விட்டுச்சு."

திரிபுரசுந்தரி அவள் கையைப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அழைத்து வா என்று சொல்ல நினைத்தாள்.

அதற்குள் அல்லி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தலையைச் சாய்த்து ஒரு காதுத் தோட்டின் திருகைக் கழற்றினாள். பிறகு மற்றதை. இரண்டையும் திரிபுரசுந்தரியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. இனிமே எங்க வீட்டுல தங்காது."

தோடுகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.