பெர்லினுக்கு அனுப்பிய பிச்சிப்பூ

குழித்துறைக்குக் கிழக்கே உள்ள ஒரு சபையின் ஓய்வுநாள் பாடசாலையில், திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் கசங்கிய பிறகும் ஒரு பிச்சிப்பூ வாடவில்லை. அன்றைக்கு இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் தங்கபாய் டீச்சர், ஜன்னலோர நாற்காலியில் போதகர், இடப்பக்கப் பாய்களில் பையன்கள், முன்வரிசையில் டெனிஷும் ஜெபிஷும், வலப்பக்கம் பெண்பிள்ளைகள், எல்லாருக்கும் பின்னால், செருப்புகள் கிடக்கும் வாசலோரம் ஜாஸ்மி. அவளை அங்கே இருக்கச் சொன்னது யாருமில்லை. அக்கா பெர்லினின் விஷயம் வெளியே தெரிந்த நாள்முதல் அந்த இடம் அவளுக்கென்று ஆகிவிட்டது.

பூவைக் கைமாற்றுவது அந்தச் சபையின் வழக்கம். வருஷந்தோறும் பரிசுத்தம் என்ற பாடம் வரும்போது, தோவாளையிலிருந்து பஸ்ஸில் வந்த பிச்சிமொட்டு ஒன்றை டீச்சர் முதல் பிள்ளையிடம் கொடுப்பார். ஒவ்வொருவரும் விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கடைசிக் கைக்குப் போகும்போது அது பழுப்பேறிச் சுருண்டிருக்கும். டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி, "இதை இனி யாரு மக்கா வாங்குவா?" என்று கேட்பார். பாடம் அவ்வளவுதான். பெர்லின் அந்த வகுப்பில் இருந்த வருஷம் எழுந்து நின்று, "காத்திருக்கணும்னு சொல்லியது சரி டீச்சர். காத்திருக்க முடியாமப் போனா, பிள்ளை உண்டாகாம இருக்கதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள். "நல்ல பிள்ளையளுக்கு அந்தக் கேள்வி வராது. இரிட்டி" என்றார் டீச்சர். பெர்லின் உட்கார்ந்தாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது அவளும், பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் எபிசனும் ஒரு மருந்துக்கடை முன்னால் போய் நின்றார்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "நீ செல்வதாஸுக்க மோளுதானே? அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையா?" என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லி, பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வருஷம் பெர்லின் மயிலாடியில் அத்தை வீட்டில் இருந்தாள், கல்லூரி நின்றுபோயிற்று, அவளுடைய குழந்தை அந்த ஊர்க் கல்தச்சர்களின் உளிச் சத்தம் கேட்டால்தான் உறங்கியது. எபிசன் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசித்தான். அவனுடைய இடத்தை யாரும் மாற்றவில்லை.

அன்றைக்குப் பூ ஜாஸ்மியிடம் வந்தபோது எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அவள் உள்ளங்கையை விரித்தாள். மொட்டு மலர்ந்திருந்தது. முன்னைவிட வெள்ளையாக இருந்தது. மணம் வெளியே போய், ரோட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"நான் பேன்ட்ல போட்டு ஒரச்சேன் டீச்சர், சத்தியமாட்டு" என்றான் டெனிஷ்.

"ஒனக்க பேன்ட்டுல ஒரச்சா இரும்பே வாடிருமேலே" என்றான் ஜெபிஷ்.

யாரும் சிரித்து முடிப்பதற்குள் ஜாஸ்மி கேட்டாள்: "டீச்சர், இதை எனக்க அக்காவுக்க கையில குடுத்துப் பாக்கலாமா?"

தங்கபாய் டீச்சருக்கு எத்தனையோ வருஷப் பழக்கத்தில் வாய்க்கு வந்த பதில், "இரிட்டி" என்பதுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மணம் வாய் நிறையப் புகுந்துகொண்டது; அவர் எழுந்து வந்து பூவை வாங்கித் தானே தேய்த்துப் பார்த்தார்.

அதன்பிறகு சபைக் கமிட்டிக்காரர்கள் பூவைத் தேய்த்துப் பார்த்தார்கள். போதகர் பிரசங்கபீட வேதாகமத்துக்கு அடியில் ஒரு வாரம் அழுத்தி வைத்தார். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் ஒருமுறை கொடுத்து எடுத்தார்கள். ஷீட்டில்தான் மணம் ஏறியது. மழை கூடுதல் என்று கமிட்டி காரணம் சொன்னது. மழையில்லாத மறு வருஷம் ரோஜாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் வாடவில்லை. அதே ஊரில் பெண்கள் தலையில் வைத்த பூ சாயங்காலம் ஒழுங்காக வாடியது. அந்த வகுப்பில் மட்டும் வாட மறுத்தது. பாடம் தீர்ந்துபோய் வகுப்பு நேரம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த வெறும் நேரத்தில், இரண்டாம் வருஷமும் அதே வகுப்பில் இருந்த ஜாஸ்மி எழுந்து, அக்கா கேட்ட கேள்வியைச் சொல் மாறாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சது காத்திருக்கச் சொல்லது மட்டுந்தான் மக்கா" என்றார் டீச்சர். "மிச்சத்துக்குத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாறேன்."

நெய்யூர்க்காரி நேசபாய் நர்ஸ் வந்தார். காத்திருப்பதையும் சொன்னார், ஆணுறையையும் மாத்திரையையும் மேசைமேல் வைத்து, எது எதற்கு என்பதையும், கடையில் தலை நிமிர்ந்து கேட்பது எப்படி என்பதையும் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அதில் ஒரு வீட்டார் மறுவாரமே திருப்பி அனுப்பினார்கள். போதகர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு கடைசிவரை இருந்தார். ஜாஸ்மி முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரம் தங்கபாய் டீச்சர் செல்வதாஸ் வீட்டுக்கு இரண்டு தடவை போனார். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை பேசிவிட்டு வந்து, வலது மூலையில் தேதி போட்டு, மார்ஜின் விட்டு எழுதினார்: "அன்புள்ள பெர்லின், நீ கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லாதது நான். அப்பா வரச் சொல்லிவிட்டார். ஜூனில் கல்லூரிக்குப் போ. பகலில் குழந்தை என்னிடம் இருக்கட்டும். இத்துடன் உள்ளதைக் கையில் வைத்துப் பார்." முந்தின வருஷத்துப் பிச்சிப்பூவைத் தாளுக்குள் மடித்து, கவரை ஒட்டி, தபாலாபீஸுக்கு எடுத்துப்போனார்.

போஸ்ட்மாஸ்டர் சிலுவை சார் கவரை மூக்கருகே கொண்டுபோனார். "பூவா டீச்சர்? மயிலாடி போய்ச் சேருததுக்குள்ள வாடிருமே."

"வாடாது."

"அப்பம் சரி" என்று அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, கவரைப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.