பக்கத்து இருக்கையின் மிதியடி

ரவுண்டானாவின் நடுவில் கார் உயிரை விட்டபோது லிஃப்ட்காரர் முதலில் குனிந்து பார்த்தது தன் வலது காலைத்தான். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பிரேக்கை அவர் மெதுவாகத்தான் அழுத்தியிருந்தார். எஞ்சின் சத்தம் அடங்கி, ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போய், டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியபடியே நின்றது. பிறகு ஒருவழியாக வளைந்து கடந்து போகையில், லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஓட்டத் தெரியலன்னா எதுக்குய்யா வண்டிய எடுத்துட்டு வர்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேள்வி அவருக்குப் புதிதில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை, 'யா'வை மட்டும் விட்டுவிட்டு, அவர் தன் மனைவியிடம் கேட்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வையாளர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார். பழுது பார்த்து முடித்ததும் நிரப்புகிற தாளின் கடைசிக் கட்டத்தில் 'காரணம்' என்று இருக்கும். பத்துக்கு எட்டுத் தாள்களில் அவர் அங்கே 'உபயோகிப்பவர் தவறு' என்று எழுதுவார். பொய்யும் இல்லை. மூடுகிற கதவுக்கு நடுவில் காலை விடுகிறார்கள், நான்கு பேர் போகிற லிஃப்டில் பீரோவை ஏற்றுகிறார்கள், கேட்டால் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள். மனிதர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. எந்திரங்கள் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் போகவே இல்லை.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறு மணிக்கே கூடத்தைத் திறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காரையே வாங்கினார்கள். வழியில் கார் நின்று நின்று போகிறது என்று அவள் சொன்னபோது லிஃப்ட்காரர் தானே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். அவர் கையில் அது ஒரு தரம்கூட நிற்கவில்லை. சர்வீஸ் சென்டருக்கும் கொண்டுபோனார். அங்கேயும் பூனைக்குட்டி மாதிரி சமர்த்தாக ஓடியது. என்ன எழுதட்டும் என்று அங்கிருந்த பெண் கேட்க, "வண்டில ஒண்ணும் இல்லம்மா. வீட்ல அவங்களுக்குக் கால் பழக்கம் சரியில்ல. அப்படியே எழுதிக்கோங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் அவள் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், இல்லாத பிரேக்கை அவர் வலது கால் தானாக அழுத்தும். முன்பே இருந்த பழக்கம்தான், இப்போது உரிமையோடு அழுத்தியது. ஒரு நாள் காலை அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போக ஆரம்பித்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் வசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்தே கால் மணி பஸ் யாருக்கும் வசதியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

ரவுண்டானாவில் நின்றதை நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மதியம், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் தேடினார். அதே கார், அதே வருடம், முந்நூற்றுச் சொச்சம் பேர் புலம்பியிருந்தார்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் பெட்ரோல் பம்ப் திணறும். வேகத்தைக் குறைக்கும்போது எஞ்சின் நின்றுவிடும். விடாமல் கேட்டவர்களுக்குக் கம்பெனியே புதுப் பம்ப் போட்டுக் கொடுத்திருந்தது. லிஃப்ட்காரர் பாதி டேங்க் ஆனவுடன் பெட்ரோல் போட்டுவிடுகிற ஆள். அந்த வாரம் மட்டும்தான் வேலை மும்முரத்தில் மறந்திருந்தார். ஆறு மணிக்கு ஓடுகிறவளுக்கு பங்க்கில் வரிசையில் நிற்க எங்கே நேரம்? அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

சர்வீஸ் சென்டரில் அதே பெண்தான் இருந்தாள். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"வாரண்டி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு சார். வாரண்டிக்குள்ள ஒரு கம்ப்ளெயிண்ட் பதிவாகியிருந்தாகூட கம்பெனில கேட்டு வாங்கிடலாம். உங்களுது பதிவாகியிருக்கு. ஆனா காரணம்ன்னு போட்டிருக்கற எடத்துல…"

'ஓட்டுபவர் பழக்கம் (வாடிக்கையாளரே கூறியது).' கீழே அவருடைய கையெழுத்து, வால் நீட்டிக்கொண்டு.

"அது நான் தப்பா சொன்னதும்மா."

"புரியுது சார். ஆனா கம்பெனி இதத்தான பாக்கும்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்யுங்க. அன்னைக்குச் சொன்னது தப்புன்னு நீங்க எழுதுங்க. எப்பெப்ப நின்னுச்சுன்னு மேடம் அவங்க கையால எழுதட்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் மேல அனுப்பிப் பாக்கறேன்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தவர் வெகுநேரம் சாவியைத் திருகவில்லை. சொந்தச் செலவில் பம்ப்பை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் அந்த வரி அந்தக் கணினியில் அப்படியே இருக்கும். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று, அவர் கையெழுத்தோடு, யார் கேட்டாலும் காட்டிக்கொண்டே இருக்கும். அதை நினைக்க அவருக்குக் கூசியது.

சாயங்காலம் அவள் தரையில் போர்வை விரித்து மறுநாளைக்கான வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், லாரிக்காரர் கேட்டது உட்பட. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கார் டேஷ்போர்டுல ஒரு புஸ்தகம் இருக்குமே. அத எடுத்துட்டு வாங்க."

அது காரோடு வந்த கையேடு. எந்திரம் தெரிந்தவனுக்குக் கையேடு எதற்கு என்று அவர் பிரித்ததே இல்லை. கடைசிப் பக்கத்தில், ரத்தக் குப்பிகளின் மேல் ஒட்டும் சீட்டில் எழுதுகிற அதே பொடி எழுத்தில், ஆறு வரிகள் இருந்தன. தேதி, மணி, பெட்ரோல் எத்தனை கோடு, ஏசி ஓடியதா இல்லையா. ஆறிலும் பெட்ரோல் ஒரு கோடுதான். முதல் நான்கு வரிகளின் கடைசியில் 'அவரிடம் சொன்னேன்' என்று இருந்தது. கடைசி இரண்டில் 'சொல்லவில்லை.'

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா காரணம்னு என்ன போடுவீங்கன்னு தெரியுமே." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "எங்க லேப்ல ரிசல்ட் ஏடாகூடமா வந்தா, இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பாப்போம். பேஷண்ட்டத் திட்ட மாட்டோம்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒரு கார் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுவதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்திருக்க வேண்டும், சிரிப்பாகவும் இருந்திருக்க வேண்டும். "எந்திரிங்க, கோட்டு மேல கண்ணீர் சொட்டுது" என்றாள்.

கடிதத்தை அவர் மூன்று தரம் எழுதினார். முதல் தடவை எழுதியதை வாங்கிப் பார்த்தவள், "'என் அன்பு மனைவி'யா? இது கம்பெனிக்குத்தான போகுது?" என்று அடித்தாள். இரண்டாவதில் லிஃப்ட் தொழில் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதையும் அடித்தாள். மூன்றாவது நான்கே வரி. 'என் மனைவிக்கு நன்றாக ஓட்டத் தெரியும். கோளாறு வண்டியில்தான். அவள் நான்கு முறை சொல்லியும் நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.' அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"சும்மா, இருக்கட்டும்."

கம்பெனி முதலில் முடியாது என்றது. அவர் விடவில்லை. சர்வீஸ் சென்டர் பெண் அவர் தலையைக் கண்டாலே தேநீர் சொல்லி அனுப்புகிற அளவுக்குப் போய் நின்றார். ஆறு வரிகளின் நகலையும், முந்நூறு பேரின் புலம்பலையும் சேர்த்து மறுபடி அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனி செலவில் புதுப் பம்ப் வந்தது. புதுத் தாளில் காரணம் என்ற இடத்தில் 'தயாரிப்புக் குறை' என்று இருந்தது. அவர் அதைக் கொண்டுபோய்ச் சாவி மாட்டும் ஆணியிலேயே குத்தி வைத்தார். அவள் பார்த்தாள். சாவியை எடுக்கவில்லை. ஒரு வாரம் பஸ்ஸில்தான் போனாள்.

சனிக்கிழமை, "பெட்ரோல் போடாதீங்க. ஒரு கோட்டுக்கு வரட்டும்" என்றாள்.

ஞாயிறு காலை ஒரு கோட்டுக்கு வந்தது. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தனக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டாள். பதினொரு மாதம் கழித்தும் கைகள் எதையும் மறக்கவில்லை. அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டபோது காலடியைப் பார்த்தார். பின்னிருக்கை மிதியடிகள் புதுசு போல இருக்க, அவருடையதில் வலது குதிகால் படும் இடம் தேய்ந்து, அடியிலிருந்த வலை தெரிந்தது. அவளும் பார்த்தாள். எஞ்சினைக் கிளப்பினாள்.

கடைத்தெருவைத் தாண்டி வலதுபுறம் திரும்பியதும் தூரத்தில் ரவுண்டானா தெரிந்தது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அவள் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தாள். அவருடைய வலது கால் தானாக எழுந்தது.

லிஃப்ட்காரர் அவசரமாகச் செருப்புகளை உதறினார். இரண்டு கால்களையும் தூக்கி, வீட்டுக் கூடத்தில் உட்கார்வது போல, இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?" அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ ஓட்டு."

கார் இன்னும் மெதுவானது. கீழே, கால்கள் போய்விட்ட மிதியடியில், கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்புக்குப் பக்கத்தில், தேய்ந்த அந்த வட்டத்தின் மேல் காலை வெயில் விழுந்திருந்தது.