உலகம் ஆடிய விக்கல்

...வேகத்தை எட்டு சதவீதம் குறைத்தால் குரல் யாரோ பக்கத்து வீட்டுப் பெண், பதிமூன்றுக்கு வந்தால் செய்தி வாசிப்பவள், முப்பதைத் தொட்டால் ஜலதோஷம் பிடித்த ஆம்பிளை, இதில் எவள்தான் அவள்? ஒலிப்பதிவாளர் வேகக் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார், மணி பத்தே முக்கால், பதினொன்றுக்கு மகள் வந்துவிடுவாள், அம்மாவின் நிஜக் குரலைக் கேட்க. எதற்கு வாயைக் கொடுத்தோம்? ‘பாட்டுல வர்றது வேண்டாம்ப்பா, அது பொம்மை கத்துற மாதிரி இருக்கு, அம்மா என்னைக் கூப்பிட்டிருப்பாங்கல்ல, அந்தக் குரல்...’ என்று போனில் கேட்டாள், ஒன்றரை வயதில் தாயைப் பறிகொடுத்தவள், ‘அதுக்கென்ன, வா, கேட்டுட்டுப் போ’ என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லித் தொலைத்தாயிற்று.

முப்பத்தோரு வருஷமாக அதே பாட்டு. காலிக் கிடங்குகளில் கூடி ஆடுகிற கூட்டத்துக்கென்று மனைவியைப் பாடவைத்துச் செய்தது, நடுவில் தாளமெல்லாம் நின்று நான்கு விநாடி அவளுடைய ‘ஓ...’ மட்டும் தனியாக, முடிவில் சின்னதாய் ஒரு விக்கல், அந்த விக்கலில் தாளம் திரும்ப வந்து இடிக்க, கூட்டம் எகிறிக் குதிக்கும். அப்போதெல்லாம் குரல் கீச்சென்று இருந்தால்தான் ஆடுவார்கள், எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார், வேகத்தை ஏற்றினார். எவ்வளவு? குறித்து வைக்கவில்லை. மூல நாடாவின் மேலேயே அடுத்த பாட்டைப் பதிந்துவிட்டார், வேண்டுமென்றால் இன்னொரு நாள் பாடிவிட்டுப் போகிறாள் என்ற தெனாவட்டு. இன்றைக்கும் பல் மருத்துவரின் செல்போனில் அது அடிக்கிறது, மைதானத்தில் கோல் விழுந்தால் அது, வருஷத்துக்கு ஒருத்தர் புதிதாக ரீமிக்ஸ் பண்ணிப் போடுகிறார், ஆனால் அந்த விக்கலில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. ஊருக்கெல்லாம் மனப்பாடமான குரல், கட்டினவனுக்கு மறந்துபோய்விட்டது, சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

கடைசியாக ஒரு முறை... ஹெட்போனைக் காதோடு அழுத்தினார், குரலுக்கு அடியில் என்ன அது, டிக், டிக்... பழைய அறையின் சுவர்க் கடிகாரம்! பாழாய்ப்போன சத்தம் உள்ளே விழுகிறதே என்று அன்றைக்கு எப்படித் திட்டினார். விநாடிக்கு ஒரு தட்டு, அதற்கு மேல் அதற்கென்ன தெரியும்? கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குறைத்தார், பதினேழு, பத்தொன்பது, இருபது, டிக்கும் விநாடி முள்ளும் ஒன்றாக விழுந்தன, அவள்தான், ஐயோ அவளேதான், சமையலறையிலிருந்து அதட்டுகிற அதே கனத்த குரல், கண் நிறைந்துவிட்டது, அப்புறம் அந்த விக்கல் வந்தது. விக்கலே இல்லை அது. மூச்சு, உள்ளே போக வழியில்லாமல் தட்டுத் தடுமாறுகிற மூச்சு. அன்றைக்கு மைக் முன்னால் நின்றபடி கேட்டாளே, ‘என்னங்க, நெஞ்சு அடைக்குது, கொஞ்சம் உக்காந்துட்டுப் பாடட்டுமா?’ ‘இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா, இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு.’ அதற்கப்புறம் நாலு மாதம்தான் இருந்தாள், நுரையீரல் என்றார்கள், முன்னாடியே ஒன்றும் தெரியவில்லையா என்று டாக்டர் கேட்டபோது இல்லவே இல்லை என்றார், ஆயிரம் தடவை ஓட்டிக் கேட்ட காதை வைத்துக்கொண்டு, அழகாக இருக்கிறது என்று அதைத்தானே பாட்டில் ஏழு இடத்தில் ஒட்டினார்.

அரை விநாடிதான், வெட்டிவிட்டால் மகளுக்கு அம்மா மட்டும் மிஞ்சுவாள், கைக்குப் பழகிய வேலை, யாருக்குத் தெரியப்போகிறது... கதவு திறந்தது. ‘லிஃப்ட் ஓடலப்பா, மூணு மாடியும் ஏறியே வந்தேன்’ என்று மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பின் முடிவில் அந்த விக்கல். அம்மா மாதிரியே என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், எத்தனை வருஷமாக, எப்போதிலிருந்து? கை குமிழை விட்டுவிட்டது.

‘போடுப்பா, கேக்கலாம்’ என்றாள்.

‘உக்காரும்மா’ என்றார், ‘முதல்ல நீ உக்காரு.’