துரை கார் கிளம்பிய விதம்

மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவில் பூ வியாபாரம் செய்யும் ஜெகதீஸ்வரனுக்கு மூன்று கௌரவப் பட்டங்களும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இருந்தன. பட்டங்கள் தாமாகத் தேடி வந்தன. கார்தான் கூப்பிட்டாலும் வருவதில்லை.

வருவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில நாள் சாவியைத் தொட்டதும் உறுமிக்கொண்டு எழும். சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்திருந்தால் படுத்துக்கொள்ளும். எதிர்வீட்டுப் பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே கிளம்பிவிடும்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேல்துணியை மடக்கிவிட்டால் தலையில் பனி இறங்கும் கார் அது. ஈப்போ தரகன் ஒருவன், "கேமரன்ல ஏதோ ஒரு தோட்டத்துத் துரை வச்சிருந்த வண்டி சார்" என்று சொல்லி விற்றான். எந்தத் தோட்டம், எந்தத் துரை என்று ஜெகதீஸ்வரன் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த துரை ஒருவர்தான். அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில், வாயிலிருந்து பைப்பை எடுக்காமலே உலகத்தை ஆண்ட பைப்புத் துரை.

அந்தத் துரையின் காரோடு அவருடைய அப்பா முனியாண்டிக்கு ஒரு சம்பந்தம் இருந்தது. விடிகாலையில் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பங்களாவுக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து காரின் சத்தம் எழும்பி, தேயிலைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கித் தேய்ந்து மறையும். தொழிலாளர் லயத்து வாசலில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு சிறுவன் ஜெகா அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நிற்பான். அப்புறம்தான் அப்பா, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து மற்றவர்களோடு வரிசையில் நிற்பார். அவன் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவர் காய்ச்சலில் போய்விட்டார். மீதியை மகன் நிரப்பிக்கொண்டான்.

வியாபாரம் தொடங்கிய காலத்தில், "அப்பா துரை கார்ல வேலை பார்த்தாரு" என்றுதான் சொல்லிவந்தார் ஜெகதீஸ்வரன். முதல் பட்டம் கிடைத்தபோது அப்பா டிரைவர் ஆனார். இரண்டாம் பட்டத்துக்குச் சாரதி. மூன்றாம் பட்டமளிப்பு விருந்தில், "என் தகப்பனார் துரையின் அந்தரங்கச் சாரதி" என்று மைக்கில் கேட்டது. செத்துப்போய் இத்தனை வருஷம் கழித்தும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி அவர் ஒருவர்தான்.

ஆனால் பட்டம் கொடுத்தவர்கள் யாரும் பைப்புத் துரையைப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்தவர்கள் இன்னும் சிலர் மூன்றாம் டிவிஷன் லயத்தில் இருந்தார்கள். மாரியம்மன் திருவிழாவன்று காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, அப்பாவைப்போல ஒரே தொடலில் கிளப்பிக் காட்ட வேண்டும். அவர்கள் வாயால் "இதேதான்" என்று ஒரு வார்த்தை வரவேண்டும். ஜெகதீஸ்வரனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குத்தான் கார் ஒத்துழைக்கவில்லை.

பட்டறை ராஜு முதலில் பேட்டரி என்றான். புதுப் பேட்டரி வந்தது. கார் இரண்டு நாள் மரியாதையாக நடந்துகொண்டு மூன்றாம் நாள் 'டக்' என்றது. பிறகு, ஸ்டார்ட்டர் மோட்டார் என்றான். அதுவும் மாறியது. பிறகு, பனி ஈரம் உள்ளே போகிறது என்றான். ஜெகதீஸ்வரன் காருக்குக் கம்பளி போர்த்தினார். பழைய கார் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர், இந்த வகைக் கார்கள் மனிதர்களைப் போல உணர்ச்சி மிக்கவை என்று எழுதினார். பூசாரி எலுமிச்சம்பழம் கட்டினார்.

"கம்பளி, எலுமிச்சம்பழம், தினம் குசலம் விசாரிப்பு. நான் பிரசவத்துல கெடந்தப்பகூட இவ்வளவு நடக்கல" என்றாள் மனைவி வசுமதி. பூ லோரியைக் கியா பார்ம் சந்தில் ரிவர்ஸிலேயே எடுத்துவிடக் கூடியவள் அவள்.

"உனக்குப் புரியாது. இது பரம்பரை."

"பரம்பரைதான். ஒண்ணும் நேரத்துக்கு எந்திரிக்கிறதில்ல."

திருவிழாவுக்கு முந்தின வாரம், விற்பதற்கு வேறு சாமான் மிச்சமில்லாததால் ராஜு யோசிக்கத் தொடங்கினான்.

"தவுக்கே, லைட்டைப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க" என்றான் முதலாளியிடம்.

திருப்பினார். 'டக்'. முன்விளக்கு இரண்டும் தூக்கம் வந்த கண்போல மங்கின.

"பேட்டரி புதுசு. ஆனா லைட்டு சாவுது. அப்ப கரண்டு எங்கயோ மாட்டிக்கிது." ராஜு ஒரு தடித்த கேபிளை எடுத்து, பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நேராக எஞ்சினில் கவ்வவிட்டான். "இப்ப திருப்புங்க."

கார் கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார்கள், மறுபடியும் கிளம்பியது. கேபிளை எடுத்தார்கள், 'டக்'.

ராஜு பேட்டரிக்குக் கீழே தலையைவிட்டுத் தேடினான். எர்த் பட்டையைக் காரின் உடம்போடு இறுக்கும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சிரித்தான்.

"இங்க பெயிண்ட் அடிக்கச் சொன்னது யாரு?"

ஜெகதீஸ்வரன்தான். கார் வந்த புதிதில், எந்த இடத்திலும் வெறும் இரும்பு கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு போட்டு, மாதுளைச் சிவப்பில் மூன்று பூச்சு அடிக்க வைத்திருந்தார். போல்ட்டின் அடியிலும் மாதுளை பளபளத்தது.

"கரண்டு போறதுக்கு வழி இருக்கு தவுக்கே, திரும்பி வர வழியில்ல. நீங்க அழகு பண்ணி அடைச்சிட்டீங்க. பட்டை ஆடுற ஆட்டத்துல எப்பவாவது இரும்பு இரும்பத் தொட்டுச்சுன்னா ஸ்டார்ட்டு, இல்லாட்டி இல்லலா."

"சுரண்டணுமா?"

"சுரண்டணும்."

"வெளிய தெரியுமா?"

"பேட்டரிக்கு அடியில யாரு தவுக்கே வந்து பாக்கப்போறா?"

உப்புத்தாள் தேய்த்த இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஜெகதீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றுமுதல் கார் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

திருவிழாவன்று பட்டு ஜிப்பா, சரிகை வேட்டி, கம்பளித் தொப்பி, தோல் கையுறை என்று அவர் வீட்டுப் படி இறங்கியபோது, "வேட்டிக்குக் கையுறையா, ஆத்தா பயந்துரப்போவுது" என்றாள் வசுமதி. கோலா தெர்லா தாண்டும்வரை முட்டைக்கோஸ் லோரிகள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். தேயிலை அதே பச்சை. வளைவுகளும் அவையேதான். முன்பு அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்த இடங்களில் இப்போது அவரே போய்க்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், கோயில் வாசலில் கூட்டத்தைச் சேர்த்தார். முன்வரிசையில், துரை காலத்தில் மண்வெட்டி பிடித்த தங்கையாவும், கொழுந்தெடுத்த காளியம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெகதீஸ்வரன் கையுறையைச் சரிசெய்தார். ஒரு விரலால் சாவியைத் திருப்பினார்.

கார் உடனே கிளம்பியது. இளவட்டங்கள் கைதட்டினார்கள். முன்வரிசை அசையவில்லை.

"எப்படி மாமா? அதேதானே?"

தங்கையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்ல கெரேத்தாதான் தம்பி. ஆனா நம்ம துரை கார் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"தொட்டதும் கிளம்பிருச்சே."

"துரை காரு தள்ளாம எந்திரிச்ச நாளு ஒண்ணு சொல்லு, கேப்போம்" என்றாள் காளியம்மா. "காலையில நாலு ஆம்பள போவணும். அவன் பைப்ப கடிச்சுக்கிட்டு உக்காந்து, போ போன்னு கைய ஆட்டுவான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் எஞ்சினை அணைத்தார். இறங்காமலே கேட்டார். "தள்ளுனவங்க தள்ளட்டும். ஓட்டுனது எங்கப்பாதானே?"

"முனியாண்டி அண்ணனா?" தங்கையா காளியம்மாவைப் பார்த்தார். "ஸ்டேரிங்ல கை வச்சிருந்தா துரை தோல உரிச்சிருப்பான்லா. அண்ணன் எங்களோட தள்ளுனது. பின்னால, இடது பக்கம்."

அவருக்குப் போர்த்தப் பொன்னாடையோடு நின்ற கோயில் செயலாளர் அதை மெல்ல மடிக்கத் தொடங்கினார். ஜெகதீஸ்வரனின் கை ஸ்டேரிங்கிலேயே இருந்தது. தோல் கையுறைக்குள் வியர்த்தது.

"என்னடா மூஞ்சி அப்படிப் போவுது" என்றார் தங்கையா. "அண்ணன் வந்து தோள் குடுத்தாதான் வண்டி அசையும். நாங்க மூணு பேரு சும்மா ஒப்புக்குத்தான். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த அந்த வாரம் துரை நடந்தே போனான்."

"நெசமாவா?"

"காளியம்மாவக் கேளு."

"நடந்துதான் போனான்" என்றாள் காளியம்மா. "பூட்ஸெல்லாம் சேறு."

ஜெகதீஸ்வரன் கையுறைகளைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினார்.

"வசு, நீ உக்காரு. சாவியத் திருப்பி வச்சுட்டு, ரெண்டாவது கியர்ல கிளட்ச மிதிச்சுக்க. நான் சொல்றப்ப விடு."

"உங்களுக்கு இடுப்பு..."

"உக்காருலா."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்க் குனிந்தார். தங்கையா ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்து வந்து அவர் தோளில் தட்டினார். "அங்க இல்ல. அது என் எடம். நீ அந்தப் பக்கம் போ." இரண்டு இளைஞர்கள் நடுவில் கைவைத்தார்கள். ஜெகதீஸ்வரன் இடதுபக்க மட்கார்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

கார் முதலில் முரண்டு பிடித்தது, அப்புறம் நகர்ந்தது. சரிவு தொடங்கும் இடத்தில் அவர், "விடு" என்று கத்த, கார் ஒருமுறை குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது. நீலப் புகை ஜிப்பா முழுவதும் அடித்தது. கார் ஓடத் தொடங்கியது. வசுமதி துரையைப் போலவே திரும்பிப் பார்க்காமல் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கிப் போனாள்.

தள்ளியவர்கள் மூச்சு வாங்க நின்றார்கள். தங்கையா புருவத்துக்கு மேலே கைவைத்து, சின்னதாகிக்கொண்டே போகும் அந்தச் சிவப்பையே பார்த்தார்.

"துரை காரேதான்டா" என்றார்.

"இப்பதானே இல்லன்னீங்க?"

"நீ முன்னால நிக்கவச்சு காட்டுனா எனக்கென்ன தெரியும்? நாங்க பாத்ததெல்லாம் பின்பக்கந்தான். இப்படித்தான் போவும். இதேதான்."

கீழே வளைவில் சத்தம் தேய்ந்தது. ஜெகதீஸ்வரன் அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"எப்ப மாமா திரும்பி வரும்?"

"துரை சாயங்காலந்தான் வருவான்" என்றார் தங்கையா. "நீ வா, பந்தி போட்டுட்டாங்க."