ஓசிப் பெடல்

எங்கள் பட்டறையில் வெல்டிங் வைப்பது அக்கா. கடைசல் இயந்திரத்தில் நிற்பது அக்காவின் கணவர், எனக்கு மாமா. விலைப்புள்ளி, பில், கடிதம் எல்லாம் எழுதுவது நான். பட்டறை அக்காவின் பேரில் இருக்கிறது. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அடுத்துச் சொல்ல வேண்டியது மூலை. கதவுக்கு வலப்பக்கம், பத்தடிக்கு எட்டடி. துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார், சக்கரம் இல்லாத தையல் இயந்திரம், வயிறு திறந்த ரேடியோக்கள், டப்பா தொலைந்துபோன மூடிகள் என்று மாமா சேர்த்த சொத்து அது. எதைத் தூக்கிப் போடப் போனாலும், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். எட்டு வருடமாக எதுவும் எதற்கும் ஆகவில்லை. அக்காவுக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய மேசை போட வேண்டும். மாமாவுக்கோ அந்த மூலையில் யாராவது துடைப்பத்தோடு நின்றாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ரொட்டிக் கடைக்கு எவர்சில்வர் தட்டுகள் நூற்றிருபது செய்யும் வேலை வந்தது. தகடு மெல்லியது. சூடு கொஞ்சம் கூடினாலும் ஓட்டை விழுந்துவிடும். வலக்கையில் டார்ச், இடக்கையில் கம்பி. கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் அக்காவிடம் மிச்சமிருப்பது கால் மட்டும்தான். மிதித்தால் கரண்ட் ஏறி, காலை எடுத்தால் இறங்குகிற பெடல் ஒன்று வேண்டும். கடையில் விசாரித்தேன். எட்டாயிரத்து நானூறு.

மாமா சிரித்தார். ஒரு மிதிபலகை, ஒரு ஸ்பிரிங், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற மாதிரி ஒரு குமிழ், இதற்கா இவ்வளவு என்றார். நாலு நாளில் தானே செய்து தருவதாகவும் சொன்னார்.

அக்கா முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளினாள். "கடை விலையைத் தாண்டிச்சுன்னா?"

"தாண்டினா என்ன வேணா பண்ணிக்கோ."

"மூலையைக் காலி பண்ணிடுவேன்."

மாமா மூலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விட்ட வார்த்தையை எடுக்க மனசில்லை. சரி என்றார். கணக்கு எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

வெல்டிங் இயந்திரத்தில் பொருந்துகிற பிளக் ஆயிரத்து நூற்றைம்பது, வயர் அறுநூற்று நாற்பது, பழைய ரேடியோக் குமிழ்கள் மூன்றிலும் கரண்ட் சீராக ஏறாமல் தாவியதால் புதிதாக ஒன்று இருநூற்று அறுபது. ஆக மொத்தம் இரண்டாயிரத்து ஐம்பது. மற்றதெல்லாம் மூலையிலிருந்து வந்தது. தையல் இயந்திரத்தின் மிதி, துவைக்கும் இயந்திரத்தின் சுவிட்ச், ஒரு முனையில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்த தடித்த ஸ்பிரிங். குமிழைத் திருப்பும் பல்சக்கரத்துக்குப் பித்தளைத் துண்டு.

இவற்றுக்கு என்ன விலை போடுவது என்று கேட்டேன். "சும்மா கிடந்ததுக்கு ஏது விலை மாப்ள? ஒரு பைசா பெறாதுன்னு எழுது." நாலு நாள் கூலி? "நானும் சும்மாதானே கிடந்தேன்." அப்படியே எழுதி, ஒவ்வொரு வரிக்கு நேராகவும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

பெடல் வேலை செய்தது. அதை மறைக்க முடியாது. அக்கா ஒரு தகட்டின் ஓரம் முழுக்க மெல்ல மிதித்துக்கொண்டே போனாள்; கோடு போட்ட மாதிரி வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அக்கா வாயிலிருந்து அது வருவதே பெரிது. மாமா இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டார்.

அக்கா கணக்குத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டுப் பழைய இரும்பு வியாபாரிக்கு போன் போட்டு, மறுநாள் வண்டியோடு வரச் சொன்னாள்.

மாமா பதறினார். "ஜெயிச்சது நான்தானே?"

"நீங்கதான். நான் பந்தயத்துக்காக எடுக்கல. ஒரு பைசா பெறாத சாமானுக்கு எண்பது சதுரடி எதுக்கு? நான் சொல்லல, நீங்க கையெழுத்துப் போட்டது."

மாமா தாளைப் பிடுங்கித் திருத்தச் சொன்னார். வாய்விட்டு விலை சொல்ல ஆரம்பித்ததும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மிதி அந்தக் காலத்து வார்ப்பிரும்பு, அந்தப் பித்தளை இப்போது கிடைக்கவே கிடைக்காது, தன் கைவேலைக்கு வெளியே என்ன கூலி தெரியுமா என்று அடுக்கினார். கூட்டிப் பார்த்தேன். பதினோராயிரத்து முந்நூறு.

"அப்ப தோத்துட்டீங்க" என்றாள் அக்கா.

மாமா உதவிக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

மறுநாள் காலை எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் மாமா. என்றும் இல்லாத வழக்கம். குனிந்தபோது அவர் சட்டைப் பை கனத்துத் தொங்கியது. உள்ளே கொஞ்சம் பச்சை தெரிந்தது. நான் டீயைக் குடித்தேன்.

வியாபாரி வந்து முதல் சாக்கை நிரப்பிக்கொண்டிருந்தார். அக்கா முதல் தட்டை எடுத்தாள். காலை எடுத்தும் பெடல் எழும்பவில்லை, கரண்ட் இறங்கவில்லை, ஓட்டை. அடுத்த தட்டிலும் ஓட்டை. மாமா கதவில் சாய்ந்து நின்று, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதற்குத் தோதான ஒன்று மூலையில் இருக்கிறது, எந்த இடம் என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று வருத்தமாகச் சொன்னார்.

அக்கா டார்ச்சை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "விலை?"

"பணமெல்லாம் வேண்டாம். பாதி மூலை."

"ஒரு அலமாரி."

"ரெண்டு."

"ரெண்டு. மேசை எனக்கு. ஓட்டை விழுந்த தட்டு ரெண்டும் உங்க கணக்குல."

மாமா குவியலுக்குள் இறங்கினார். கால் மணி நேரம் உருட்டினார், புரட்டினார், வியர்வையைத் துடைத்தார். கடைசியில் பச்சை முனை ஸ்பிரிங்கைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். வியாபாரி கைதட்டாத குறை.

நான் தாளில் எழுதினேன்: ஸ்பிரிங், ஒன்று, விலை இரண்டு அலமாரி. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். மாலையில் பார்த்தபோது அந்த இடத்தில் அக்கா எழுதியிருந்தாள்: "சட்டைப் பை."

மாமாவிடம் அதைக் காட்டவில்லை. அவர் புது அலமாரியில் முதல் சாமானை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டை விழுந்த இரண்டு தட்டுகள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.