தூங்குமூஞ்சி மரத்து ஏலம்

செஞ்சியில் மேல்மலையனூர் பஸ் நிற்கிற இடத்து நிழலுக்குச் சர்க்கார் போட்ட விலை ஆறாயிரத்து நானூறு ரூபாய். நோட்டீசில் நிழல் என்று இல்லை, தூங்குமூஞ்சி மரம் ஒன்று என்றுதான் இருந்தது. அதை வெட்டிவிட்டு ஒன்பது லட்சத்தில் பயணிகள் நிழற்குடை கட்டப்போகிறார்கள். விறகு வியாபாரியான எனக்கென்ன? மரம் விழுந்தால் எனக்குச் சரக்கு.

அந்த மரத்தடியில்தான் காத்தாயி பல வருடமாகக் கூழ் விற்கிறாள். வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் கூழ் பொங்கிப் புளித்துவிடும். எஸ்டிமேட்டில் இரும்பு நாற்காலி இருந்தது, கூரையைவிட நீளமான பெயர்ப்பலகை இருந்தது. அவளுக்கு ஓர் அடி இடம் இல்லை.

ஏலத்துக்கு முந்தின நாள் என் டிப்போவுக்கு வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த நாலாயிரத்தை மேசையில் வைத்தாள். மிச்சத்தை வாரா வாரம் கட்டுகிறேன், மரத்தை என் பேருக்கு எடுத்துக் கொடுங்கள் என்றாள்.

"எடுத்தா ஒரு வாரத்துல வெட்டியாகணும்மா. அதான் கண்டிசன்."

"காசு குடுத்து வாங்குனவ வெட்டாம வச்சிக்கக் கூடாதா? இன்னாண்ணா நாயம் இது?"

பணத்தை அவள் பக்கமே தள்ளினேன். யாருமே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தேன். விலையைக் குறைத்து மறு ஏலம் விடப் புது நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதற்குள் மார்ச் முடிந்துவிடும். மார்ச்சுக்குள் செலவாகாவிட்டால் நிழற்குடைப் பணம் கஜானாவுக்குத் திரும்பிவிடும்.

இங்கே மரம் எடுப்பவர்கள் நாங்கள் நாலு பேர். ஏலத்துக்கு முன்பே டீக்கடையில் பேசி முடித்துவிடுவோம். ஒருவன் எடுப்பான், மற்றவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் தருவான். எங்கள் தொழிலில் பேசாமல் இருப்பதற்கும் கூலி உண்டு. இந்த முறை நாலு பேருமே வாய் திறக்கக் கூடாது என்றேன். இரண்டு பேர் ஒரு டீயில் ஒப்புக்கொண்டார்கள். செங்கல் சூளை வைத்திருக்கும் ஜேம்ஸ் மட்டும் மசியவில்லை.

"சூளையில நெழலப் போட்டா எரிப்பேன்?"

அவனுக்கு வேண்டியது ஒரு லோடு விறகு. என் டிப்போவிலிருந்து தருகிறேன், வாங்கின விலைக்கு ஆயிரத்து எண்ணூறு கம்மியாகவே தருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் உச்சி வெயிலில் அதிகாரி ரங்கநாதன் ஏலம் விட வந்தார். எல்லோரும் அந்த மரத்தடியில்தான் ஒண்டினோம். ஜேம்ஸ் காரைக்கூட நிழல் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தான். ரங்கநாதன் விலையைச் சொல்லி, ஒரு தரம் என்றார். நான் தரையைப் பார்த்தேன். காத்தாயி கூழைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ரெண்டு தரம் என்றார். ஜேம்ஸ் தொண்டையைக் கனைத்தான்.

"காத்தாயி, எனக்கொரு சொம்பு கூழு. மோர் தூக்கலா ஊத்து."

ரங்கநாதன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏலம் கேட்க ஆளில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரும் ஒரு சொம்பு குடித்தார், காசு கொடுத்துத்தான்.

மார்ச்சோடு அந்தப் பணம் திரும்பிப் போயிற்று. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் கைப்பிள்ளைகளோடு மரத்தடியில் நனைந்து நின்றது. அத்தனை மழையை மரம் எப்படித் தாங்கும்? காத்தாயி தன் தார்ப்பாயை அவிழ்த்து, பிள்ளைகளின் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"மரத்த வுட்டுட்டு, பக்கத்துல ஒரு கூரை போட்டிருக்கக் கூடாதாண்ணா அந்தக் காசுல?"

கணக்கு இப்படி நிற்கிறது. எனக்கு நட்டம் ஆயிரத்து எண்ணூறு, ஜேம்ஸுக்கு லாபம் அதே. காத்தாயிக்கு வரவு, நிழல் முழுசாக. கஜானாவுக்கு வரவு ஒன்பது லட்சம். ஜனத்துக்குப் பாக்கி, ஒரு கூரை.